சூடு இல்லாமல் நேராகும் சுருட்டை

ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் ஓராஸ் பெனடிக்ட் தெ சொசூர் 1783-ல் காற்றின் ஈரப்பதத்தை அளப்பது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த கருவியின் உயிர்நாடி ஒற்றைத் தலைமுடி. சோடா உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பசை நீக்கிய முடியின் ஒரு நுனியை அசையாமல் கட்டி, மறுநுனியை முள் பொருத்திய சிறு உருளையில் சுற்றினார். காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், முள் ஒரு பக்கம் நகரும். காற்று உலர்ந்தால் முடி சுருங்கும், முள் திரும்பிவிடும். முழு வறட்சியிலிருந்து முழு ஈரம்வரை முடி நீளுவது 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஆனாலும் அந்த அசைவு அவ்வளவு நம்பகமாக இருந்ததால், இருபதாம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்கள் முடியைக் கொண்டு ஈரப்பதம் பதிவு செய்தன. அயர்ன் இல்லாமல் சுருட்டை முடியை நேராக்க முடியுமா என்று கேட்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். உயிரற்ற இழையானாலும் முடி தண்ணீருக்கு ஒவ்வொரு நாளும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. முடியின் வடிவத்தை மாற்றும் முதல் கருவி தண்ணீர். சூடு அந்த வேலையை வேகப்படுத்துகிறது, அவ்வளவே. தண்ணீரால் எதுவரை முடியும், எதற்கு மேல் முடியாது என்ற எல்லையைத் தெரிந்துகொண்டால், வீட்டிலேயே ஆபத்தில்லாமல் முடியை நேராக்கிக்கொள்ளலாம். அந்த எல்லையைத் தாண்டி ஆசை காட்டும் பொருள்களை அடையாளம் காணவும் முடியும்.

முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். 1930-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழை, மனித முடி இரண்டையும் எக்ஸ் கதிரில் வைத்துப் படமெடுத்தார். சாதாரண முடி ஒருவகைப் படத்தைத் தந்தது; நனைத்து நன்றாக இழுத்த முடி வேறுவகைப் படத்தைத் தந்தது. இழுப்பை விட்டு மறுபடி நீரில் போட்டால் பழைய படமே திரும்பியது. புரதச் சங்கிலி முடிக்குள் மடிந்து கிடக்கிறது, இழுத்தால் விரிகிறது என்று அவர் ஊகித்தார். அந்த மடிப்பு ஒரு சுருள்படி என்பதை 1951-ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் காட்டினார்கள். இந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைப்பவற்றில் இரண்டு வகைப் பிணைப்புகள் நமக்கு முக்கியம். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியே பார்த்தால் மிக பலவீனமானது, எண்ணிக்கையோ ஏராளம். தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். மற்றது கந்தகப் பிணைப்பு. இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் வலுவான கட்டு இது. முடியின் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் கந்தகம். முடி கருகும்போது வரும் அந்தக் காட்டமான நாற்றத்துக்கு அதுவும் காரணம். குளிர்ந்த தண்ணீரோ குளியல் வெந்நீரோ கந்தகப் பிணைப்பை அசைக்காது. இந்தக் கட்டுரை சொல்லப்போகும் எல்லாமே இந்த வேறுபாட்டில்தான் நிற்கின்றன.

சுருட்டை எங்கே பிறக்கிறது? தோலுக்கு அடியில், மயிர்க்காலில். நேர்முடியின் மயிர்க்கால் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. சுருட்டை முடியின் மயிர்க்கால் வளைந்து, அடிமுனை ஒரு பக்கம் கொக்கிபோல் திரும்பியிருக்கிறது. அதற்குள் உருவாகும் இழையின் இரு பக்கங்களும் ஒரே மாதிரி வளர்வதில்லை, ஒரே நேரத்தில் கெட்டிப்படுவதும் இல்லை. அந்தச் சமமின்மை கந்தகப் பிணைப்புகளால் பூட்டப்பட்ட பிறகுதான் முடி வெளியே எட்டிப்பார்க்கிறது. ஆகவே சுருள் என்பது முடிமேல் பின்னர் வந்து ஒட்டிக்கொண்ட குறை அல்ல. இழையின் அமைப்பே அது. அந்த அமைப்புக்குப் பயனும் உண்டு. டினா லசிசி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் வெப்பத்தை அளக்கும் பொம்மைத் தலைக்கு நேர்முடி, அலைமுடி, இறுக்கமான சுருட்டை முடி என மனித முடியாலான விக்குகளை வைத்து, செயற்கை வெயிலில் சோதித்தார்கள். வெயிலின் சூடு தலையில் இறங்காமல் மிக நன்றாகத் தடுத்தது இறுக்கமான சுருட்டைதான். நேராக்கிக்கொள்ள விரும்புவது அவரவர் உரிமை. ஆனால் ஒரு கோளாறைச் சரிசெய்கிறோம் என்ற எண்ணத்தோடு அதில் இறங்க வேண்டியதில்லை. அந்த எண்ணம்தான் பலரை அளவுக்கு மீறிய ரசாயனங்களிடம் கொண்டுபோய் விடுகிறது.

இனி தண்ணீர் செய்யும் வேலையைப் பார்ப்போம். கசங்கிய பருத்திச் சட்டையைத் துவைத்து, உதறி, கைகளால் நீவி இழுத்துக் கொடியில் போட்டால், காய்ந்ததும் பாதி சுருக்கம் போயிருக்கும். சுருட்டிப் போட்டால் சுருட்டியபடியே காயும். பருத்தி இழையிலும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் வடிவத்தைப் பிடித்துவைக்கின்றன. முடியிலும் அதே கதை. நன்றாக உலர்ந்த கெரட்டின் இளகி வளைந்துகொடுக்க 140 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட சூடு வேண்டும். முழுக்க நனைந்த கெரட்டினுக்கு அறை வெப்பமே போதும், அது அந்த நிலையில் ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது. நனைந்த முடியின் விறைப்பு உலர்ந்த முடியின் விறைப்பில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இளகிய இழையை நேராக வைத்து, அந்த நிலையிலேயே நீர் வெளியேறும்வரை அசையாமல் பிடித்திருந்தால், புதிய ஹைட்ரஜன் பிணைப்புகள் நேர் வடிவத்திலேயே பூட்டிக்கொள்ளும். 180 முதல் 230 டிகிரிவரை சூடேறும் அயர்ன் செய்வதும் அடிப்படையில் இதுவே. மணிக்கணக்கில் நடக்க வேண்டியதை நொடிகளில் முடிக்கிறது. அந்த அவசரத்துக்குக் கொடுக்கும் விலை, வெந்துபோகும் புரதம். ஈரமுடியில் அயர்ன் வைத்தால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி முடித்தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி முறியும்.

அறை வெப்பத்தில் இதைச் செய்யும் முறைகள் பல ஊர்களில் பல வடிவத்தில் இருக்கின்றன. நைஜீரியாவின் யொருபா மக்கள் 'இருன் கிகோ' என்ற முறையில் முடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மீதும் அடியிலிருந்து நுனிவரை கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றுவார்கள். இறுக்கமான சுருட்டை அதில் நீண்டு நிற்கும். 1968 முதல் நைஜீரியப் பெண்களின் தலையலங்காரங்களைப் படமெடுத்த ஒகாய் ஒஜெய்கெரேயின் தொகுப்பில் நூல் சுற்றிய அலங்காரங்கள் நிறைய உண்டு. டொமினிக்கன் குடியரசில் 'டுபி' என்று ஒன்று இருக்கிறது. முடி முழுவதையும் தலையைச் சுற்றி ஒரே திசையில் தட்டையாக வளைத்துப் படியவைத்து, கிளிப் குத்தித் துணி கட்டுவது. தலையே அங்கே பெரிய ரோலராகிவிடுகிறது. 1960-களில் அமெரிக்கப் பெண்கள் ஆரஞ்சுச் சாறு வந்த தகர டப்பாக்களை ரோலராகச் சுற்றிக்கொண்டு தூங்கினார்கள். மூன்றிலும் அறிவியல் ஒன்றே. சுற்றும் உருளை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேராக முடி காயும். சுருளின் விட்டத்தைவிடச் சிறிய ரோலரைப் போட்டால் சுருள் கூடத்தான் செய்யும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணமும் உண்டு. தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். ஈரமுடி இழுத்தால் 30 சதவீதம்வரை நீளும். அதற்கு மேல் இழுத்தால் திரும்பச் சேராது, அறுந்துவிடும். ஆகவே சீப்பு சிக்கிய இடத்தில் பலம் காட்டக் கூடாது. பிறகு பழைய பருத்தி பனியன் போன்ற மெல்லிய துணியால் தேய்க்காமல் ஒற்றித் துவட்டி, சொட்டுவது நிற்கும்வரை விட வேண்டும். முடிக்குள் புகக்கூடிய நீர், முடியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் சொட்டுவது இழைகளுக்கு இடையே தொங்கும் நீர். காயும் நேரத்தைக் கூட்டுவது தவிர அதனால் பயனில்லை. கைக்குக் குளிர்ச்சியாகவும் தொட்டால் நனையாமலும் இருக்கும் பக்குவத்தில் மெல்லிய கற்றைகளாகப் பிரித்து, நிதானமான இழுப்போடு பெரிய ரோலரில் சுற்றலாம், அல்லது தலையைச் சுற்றிப் படியவைத்து சாட்டின் துணி கட்டலாம். மின்விசிறிக் காற்றோ, டிரையரின் குளிர்காற்றோ உதவும். முழுக்கக் காயும்முன் அவிழ்த்துவிடுவதுதான் பெரும்பாலானோர் தோற்கும் இடம். மேலே காய்ந்தது போலிருக்கும்; கற்றையின் நடுவில் ஈரம் இருக்கும். மிச்சமிருக்கும் அந்த ஈரத்தால், அவிழ்த்துவிட்ட மறுநொடியே கந்தகப் பிணைப்பு தன் பழைய வளைவுக்கு இழையை இழுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஒரு நாளைக்குத்தானே, வெளியே போனதும் மறுபடி சுருண்டுவிடுகிறதே என்ற மறுப்பு நியாயமானது. அது செய்முறைக் குறையல்ல, வேதியியல். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது முடி தன் எடையில் சுமார் 10 சதவீதம் நீரை வைத்திருக்கும். 65 சதவீதத்தில் அது சுமார் 13 சதவீதமாகும். நூறை நெருங்கும்போது 30 சதவீதத்தைத் தொடும். நீர் ஏற ஏற புதிய ஹைட்ரஜன் பூட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. ஐப்பசி மழையில் சென்னையின் காற்றிலும் சித்திரை வெயிலில் உள்மாவட்டத்தின் பிற்பகல் காற்றிலும் ஒரே முடி ஒரே நாள் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அயர்ன் செய்த முடிக்கும் இதே கதிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில துளி எண்ணெயோ சிலிக்கோன் சீரமோ நீராவி உள்ளே ஏறும் வேகத்தைக் குறைக்கும், தடுத்து நிறுத்தாது. தேங்காய் எண்ணெய்க்கு இதைவிட முக்கியமான வேறு பயன் உண்டு. மும்பை மாரிக்கோ நிறுவன ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றில் முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் புக முடிகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுதான் அது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் குளிப்பதற்கு முன் எண்ணெய் வைக்கும் நம் வழக்கத்துக்கு அது தரும் விளக்கம் வேதியியலோடு பொருந்துகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. சூடு கெடுதல் என்கிறீர்கள், மணிக்கணக்கில் ஈரமாக வைத்திருப்பது மட்டும் நல்லதா? நல்லதல்ல. 2011-ல் தென்கொரிய ஆய்வாளர்கள் முடிக் கற்றைகளை 30 முறை அலசி, ஒரு பகுதியைத் தானாகக் காயவிட்டு, மற்றவற்றை டிரையரை வெவ்வேறு தூரத்தில் பிடித்துக் காயவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மேற்பரப்புச் செதில்கள் சூடு கூடக்கூட அதிகம் கெட்டன. ஆனால் செதிலடுக்குகளைப் பிணைத்து நிற்கும் இடைப்படலம் வீங்கியது, தானாகக் காய்ந்த கற்றையில் மட்டுமே. 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருந்த டிரையர் எல்லாவற்றிலும் குறைந்த சேதம் தந்தது. அந்தத் தூரத்தில் காற்றின் சூடு 47 டிகிரிதான். இந்த முடிவை நான் தள்ளிவிட விரும்பவில்லை. இதிலிருந்து கிடைக்கும் பாடம், அயர்னுக்குத் திரும்புங்கள் என்பது அல்ல. 47 டிகிரி இளஞ்சூட்டுக் காற்றும் 200 டிகிரித் தகடும் ஒரே இனம் இல்லை. ஈரம் முடிக்குள் தங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே பாடம். ஒவ்வொரு முறையும் தலையை முழுக்க நனைக்காமல், உலர்ந்த முடியில் தெளிப்பான் கொண்டு ஈரம் காட்டிச் சுற்றினாலே பாதி நேரத்தில் காயும். சொட்டச் சொட்ட ஈரத்தோடு துணி கட்டிப் படுப்பதை விட்டுவிட வேண்டும். தலையில் நீர் கோத்துக்கொண்டு சளி பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரமில்லை, சளிக்குக் காரணம் வைரஸ். ஆனால் ஈரத் தலையோடு படுக்க வேண்டாம் என்ற அவர்களின் அறிவுரை முடியைப் பொறுத்தவரை சரியானதே. இழுப்பிலும் அளவு வேண்டும். நெற்றி விளிம்பில் தினமும் இறுக்கி இழுத்தால் மயிர்க்கால் பலவீனப்பட்டு அந்த வரிசையே உதிரத் தொடங்கும்.

இனி சமையலறைக்கு வருவோம். தேங்காய்ப்பாலில் எலுமிச்சைச் சாறும் சோள மாவும் கலந்து காய்ச்சித் தலையில் பூசும் குறிப்பு நம் வார இதழ்களில் பல வடிவத்தில் வந்திருக்கிறது. வாழைப்பழம், முட்டை, தயிர், ஆளிவிதைக் கூழ், சோற்றுக்கற்றாழை என்று இன்னும் நீளும். இவற்றைக் கேலி செய்ய வேண்டியதில்லை, சில வேலை செய்கின்றன. என்ன வேலை என்பதுதான் கேள்வி. தேங்காய்ப்பாலின் கொழுப்பு இழைகளுக்கிடையே உராய்வைக் குறைக்கும். மாவுச்சத்தும் ஆளிவிதைக் கூழும் காயும்போது முடிமேல் மெல்லிய படலமாகி, அந்த நேரத்தில் முடி இருந்த வடிவத்தைச் சிறிது நேரம் பிடித்துவைக்கும். எலுமிச்சையின் அமிலம் செதில்களைப் படியவைத்துப் பளபளப்பு தரும். அடிக்கடி போட்டால் உச்சந்தலை எரியும், உலரும். முட்டையின் புரதமும் பாலின் புரதமும் முடித்தண்டுக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. ஆக, நீரும் இழுப்பும் செய்த வேலைக்கு இவை துணை நிற்கலாம். தனியாக ஒரு சுருளையும் இவை நேராக்கா. பூசிவிட்டுத் தலையைச் சுற்றிப் படியவைத்துக் காயவிட்டவர்களுக்குப் பலன் தெரிந்திருக்கும், அந்தப் பலன் படியவைத்ததால் வந்தது.

தொடர்ந்து ஆறு மாதம் செய்தேன், முடியே நேராக வளர ஆரம்பித்துவிட்டது என்பவர்களும் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வெளியே வந்துவிட்ட முடித்தண்டு இறந்த பொருள். அதன்மேல் பூசுவது எதுவும் மயிர்க்காலின் வளைவைத் தொடாது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும் புதிய முடி, அந்த மயிர்க்கால் தந்த வடிவத்தோடுதான் வரும். ஆனால் மயிர்க்காலே மாறுவது உண்டு. பூப்பெய்தும் வயதிலும் ஹார்மோன் மாறும் காலங்களிலும் முடியின் வடிவம் மாறலாம். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்தவர்களுக்கு நேர்முடி உதிர்ந்து சுருட்டையாக முளைப்பது மருத்துவர்கள் நன்கறிந்தது. உடல் செய்த அந்த மாற்றம், அதே காலத்தில் பூசிய கூழின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. முடி நீளமானால் அதன் எடையே சுருளைக் கொஞ்சம் தளர்த்தும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

சூடின்றி நிரந்தரமாக நேராக்க வழி இருக்கிறது, அதுதான் கவலைக்குரியது. நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் கோடார்டும் லியோனோர் மிக்கேலிசும் 1934-ல் தயோகிளைகாலிக் அமிலத்தால் கெரட்டினின் கந்தகப் பிணைப்பைச் சாதாரண வெப்பத்திலேயே உடைக்க முடியும் என்று காட்டினார்கள். இன்றைய பார்லர்களின் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் இரண்டும் இந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள். அவற்றில் அயர்னும் சேர்ந்துகொள்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ரிலாக்சர் கிரீம்களுக்கு அயர்ன்கூட வேண்டாம். அடைப்பெடுக்கக் கழிவுக் குழாயில் ஊற்றும் அதே காரம், இருபது நிமிடத்துக்குள் கந்தகப் பிணைப்பைத் திரும்ப முடியாதபடி மாற்றிவிடும். நேரம் சற்றே தவறினால் உச்சந்தலை வெந்துபோகும். தோல் புண்ணோடு கதை முடிவதில்லை என்ற ஐயத்தை 2022-ல் ஒரு பெரிய ஆய்வு எழுப்பியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் ரசாயன நேராக்கி பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. 70 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதத்திலிருந்து 4.05 சதவீதமாக உயர்வதாக அவர்கள் கணக்கிட்டார்கள். தொடர்பைக் காட்டும் ஆய்வு இது. காரணத்தை நிரூபிப்பது அல்ல. எந்தப் பொருள் குற்றவாளி என்பதையும் அது பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நேர்முடிக்காக எடுக்க வேண்டிய அபாயம் அல்ல இது என்பது என் தீர்மானமான கருத்து.

'கெராட்டின் ட்ரீட்மென்ட்' என்ற பெயரில் நடப்பது சூடில்லாத முறையே அல்ல, அயர்ன் வைத்துத்தான் அது முடிகிறது. அதற்குப் பூசும் கலவைகளில் பல, பூசியதும் ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கக்கும். சூடு பட்டால் இன்னும் அதிகம். மனிதருக்குப் புற்றுநோய் தருவதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கும் பொருள் அது. தினமும் எட்டு மணி நேரம் அந்தப் புகைக்குள் நிற்கும் பார்லர் பெண்களுக்கு வாடிக்கையாளரைவிட ஆபத்து அதிகம். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விளம்பரப்படுத்தப்படும் பொருள்களில் அதற்குப் பதிலாகக் கிளைஆக்சிலிக் அமிலம் இருக்கலாம். துனிசியாவைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று முறை முடி நேராக்கிக்கொண்டபோதும் மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-ல் ஒரு முன்னணி மருத்துவ ஆய்விதழ் பதிவு செய்தது; அந்த அமிலம் கொண்ட கிரீமைத் தடவிய எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தங்கின.

ஒரு கல்யாணத்துக்கோ நேர்காணலுக்கோ நேர்முடி வேண்டும் என்றால் தெளிப்பான், பெரிய ரோலர், சில மணி நேரப் பொறுமை போதும். மறுநாள் தலை நனைந்ததும் உங்கள் சுருட்டை சேதமில்லாமல் உங்களிடமே திரும்பும். அது போதாது, மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்று பார்லருக்குப் போவீர்களானால், பணம் கட்டும் முன் பூசப்போகும் புட்டியை வாங்கி அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃபார்மால்டிஹைடு, அதன் கரைசல் வடிவங்களான ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால், கிளைஆக்சிலிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு என்ற பெயர்களில் ஒன்று இருந்தாலும், அல்லது புட்டியைக் காட்ட மறுத்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.